பரிமாற ஆளில்லாத பந்தி

எந்தக் காலமென்று யாருக்கும் நினைவில்லாத ஒரு காலத்தில், வீரகேது என்றொரு மன்னன் இருந்தான். ஒருநாள் அவன் அரண்மனைப் பள்ளியை எட்டிப் பார்த்தபோது, சொன்ன பேச்சைக் கேட்காத பிள்ளைகளை இளவரசன் மகிபாலன் மொத்திக்கொண்டிருந்தான்.

மன்னனுக்கு ஒரே பூரிப்பு. சபைக்கு வந்ததும், "என் மகனிடம் தலைமைப் பண்பு இப்போதே தெரிகிறது!" என்றான். எல்லாரும் தலையாட்டினார்கள். அரசவை விகடகவி சாத்தப்பன் மட்டும் வாயை அடக்க முடியாமல், "அடிப்பதுதான் தலைமையென்றால் நம் ஊர்க் கொல்லனுக்கே முடிசூட்டிவிடலாம், மன்னா" என்றான்.

மன்னனின் முகம் சிவந்தது. சாத்தப்பனைக் கண்டாலே எரிந்து விழும் அமைச்சர் விருப்பாட்சி சட்டென்று எழுந்தார். "அப்படியானால் தலைமையை இவரே கற்பிக்கட்டும், மன்னா! அடுத்த பௌர்ணமிக்குள் பள்ளியிலுள்ள அத்தனை பிள்ளைகளும் தலைவர்களாக வேண்டும். ஒரு பிள்ளைகூடத் தொண்டனாக மிஞ்சக் கூடாது. தவறினால் இவர் நாட்டை விட்டே போகட்டும்."

"அவ்வாறே ஆகுக!" என்றான் மன்னன்.

மறுநாளே சாத்தப்பன் பள்ளிக்குப் போனான். பாடம் எதுவும் சொல்லவில்லை. தானே முற்றத்தைப் பெருக்கினான், பானையில் தண்ணீர் நிரப்பினான், யார் விழுந்தாலும் ஓடிப்போய்த் தூக்கிவிட்டான். ஒரு பிள்ளையையும் அவன் ஏவவில்லை. பிள்ளைகள் அவனைப் பார்த்துச் சிரித்தார்கள். சில நாள் கழித்து, யானைப்பாகன் மகள் காத்தாயி தானாக வந்து துடைப்பத்தை வாங்கிக்கொண்டாள். ஆனால் மகிபாலன் மாறவே இல்லை. பௌர்ணமி நெருங்க நெருங்க, சாத்தப்பனுக்குச் சோறு இறங்கவில்லை.

குறித்த நாளில் மதிய உணவு வேளைக்கு மன்னனும் அமைச்சரும் வந்தார்கள். அண்டா நிறையச் சோறு ஆவி பறக்க இருந்தது. பரிமாறத்தான் ஆளில்லை.

"பணியாட்கள் எங்கே?" என்றான் மன்னன்.

"அனுப்பிவிட்டேன், மன்னா. தாங்கள் ஆணையிட்டபடி இங்கே எல்லாரும் தலைவர்கள். தலைவர்கள் மட்டுமே இருக்கும் இடத்தில் பணியாள் ஏது?"

மகிபாலன் கத்தினான்: "டேய், எனக்குச் சோறு போடு!"

"நீ போடு! நானும் தலைவன்தான்!" என்றான் பக்கத்துப் பையன்.

அவ்வளவுதான், ஆளுக்கு ஆள் ஏவ ஆரம்பித்தார்கள். பள்ளி சந்தைக்கடையாகிவிட்டது. விருப்பாட்சி மீசையை நீவிக்கொண்டார்.

அந்தச் சத்தத்தில் மிரண்டு, ஆகச் சின்ன பிள்ளை ஒன்று பசியில் அழுதது. காத்தாயி எழுந்தாள். அந்தப் பிள்ளைக்கு முன்னால் இலை போட்டு, சோறு வைத்து, "சாப்பிடு கண்ணு, சூடா இருக்கு, ஊதித் தின்னு" என்றாள். இன்னொருவன் தண்ணீர் எடுத்து வந்தான். இருவர் இலைக்கட்டைப் பிரித்தார்கள். இரைச்சல் அடங்கியது. கடைசியில் மகிபாலன் ஒருவனே சும்மா நின்றான். ரசம் இல்லாத இலைகளைப் பார்த்தான். பிறகு ரசச்செம்பைத் தூக்கிக்கொண்டான்.

விருப்பாட்சி விடவில்லை. "மன்னா, தலைவி இந்தச் சிறுமி ஒருத்திதான். மற்றவரெல்லாம் இவள் பின்னால் போன தொண்டர்கள். ஆணை நிறைவேறவில்லை!"

"இளவரசரையே கேளுங்கள், மன்னா" என்றான் சாத்தப்பன்.

"மகனே, ரசம் ஊற்றச் சொல்லி உன்னை ஏவியது யார்?"

"யாரும் ஏவலப்பா. அவங்க இலையில ரசம் இல்ல. அதான் எடுத்தேன்."

சாத்தப்பன் கைகூப்பினான். "யாரும் சொல்லாமல் எழுந்தவர் தொண்டர் எப்படியாவார், மன்னா? இங்கே யாராவது சொல்லட்டும் என்று காத்து நிற்பவர்கள் இரண்டே பேர். நானும் அமைச்சரும்."

மன்னன் வாய்விட்டுச் சிரித்தான். சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. கழுத்திலிருந்த முத்துமாலையைச் சாத்தப்பனுக்குப் போட்டுவிட்டு, பிள்ளைகளோடு தரையிலேயே சம்மணமிட்டு அமர்ந்தான். சாத்தப்பனும் பந்தியில் உட்கார்ந்தான். மகிபாலன் தந்தையின் இலைக்கு ரசம் ஊற்றினான். ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.

அமைச்சர் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றார். காத்தாயி சாத்தப்பன் பக்கத்தில் அவருக்கும் ஓர் இலையைப் போட்டாள். "ஐயா, உங்களுக்கும் பசிக்கும்ல? கோவத்த அப்புறமாப் படலாம், வாங்க."

விருப்பாட்சி இலையைப் பார்த்தார், சோற்றைப் பார்த்தார். மெல்லத் தொண்டையைச் செருமினார்.

"சாத்தப்பரே, சற்றே நகர்ந்து உட்காருமய்யா."