தட்டைப்புழுவின் இடப்பக்கம்

பாபநாசத்துக்கு மேலே, மலை ஏறும் சாலையை விட்டு விலகி ஓடும் ஓர் ஓடைக்கரையில் சிறிய ஆய்வுக்கூடம் ஒன்று இருந்தது. மூன்று அறைகள், தகரக் கூரை. ஓடையில் வாழும் சிற்றுயிர்களை ஆராய்ந்துகொண்டு சிவகாமி அங்கே பதினோரு வருஷமாக இருந்தார். அவருக்கு வயது முப்பத்தாறு.

அவரிடம் படிக்க வந்த இசக்கியம்மாளுக்கு நாற்பத்து மூன்று. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் விலங்கியல் டீச்சர். ஒரு வருஷம் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். ஏன் என்று கேட்டவர்களிடம் மேல்படிப்பு என்று சொன்னாள். சிவகாமி கேட்கவில்லை.

முதல் நாள் சிவகாமி மூன்று கண்ணாடிக் கிண்ணங்களை மேசைமேல் வைத்தார். மூன்றிலும் ஓடைத் தண்ணீர். ஒன்றில், ஒரு குச்சியைச் சுற்றி ஒட்டிக்கொண்டிருந்த, பச்சைப் பஞ்சுபோன்ற ஓர் உயிர். இன்னொன்றில், இலையின் அடியில் தொங்கும் நூலளவு ஹைட்ரா. மூன்றாவதில், நகத்துண்டு நீளத்தில் பழுப்பாக ஊர்ந்த ஒரு புழு.

"பிரிச்சுச் சொல்லுங்க, டீச்சர்."

இசக்கிக்கு அது ஒரு நிமிஷ வேலை. "துளையுடலி. குழியுடலி. தட்டைப்புழு."

"அது புஸ்தகம் வெச்ச பேரு. உடம்பைப் பார்த்துச் சொல்லுங்க."

இசக்கி அன்று முழுக்கப் பார்த்தாள். சாயங்காலம் சிவகாமி வந்து நின்றபோது முதல் கிண்ணத்தைத் தொட்டாள்.

"இதுக்கு முன்னும் இல்ல, பின்னும் இல்ல. பக்கமே கிடையாது. உடம்பெல்லாம் ஓட்டை, அவ்வளவுதான்."

"சரி."

"இதுக்குச் சுத்திலும் பக்கம்தான். எப்படித் திருப்பினாலும் ஒண்ணுபோல இருக்கு. திங்கிறதுக்கும் துப்புறதுக்கும் ஒரே வாய்."

"சரி."

மூன்றாவது கிண்ணத்துக்கு வந்ததும் அவள் குரல் தணிந்தது. "இதுக்குத் தலை இருக்கு, வால் இருக்கு. அப்புறம்... இடது, வலது இருக்கு, மேடம்."

சொல்லும்போதே அவள் கை சேலைக்கு மேலாகத் தன் இடது விலாவுக்குப் போனது. சிவகாமி அதைப் பார்த்தார்.

மறுநாள் காலையில் இசக்கி கேட்டாள். "தலை வேற வால் வேறயா நறுக்கினா ரெண்டும் பிழைச்சுக்கிடும்னு பாடத்துலயே இருக்கு. நெடுக்க வெட்டினா, மேடம்?"

"எதுக்குக் கேக்கீங்க?"

இசக்கி கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிவகாமி ஒரு பிளேடை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

பனிக்கட்டிமேல் ஈரத்தாள் விரித்து, புழுவை அதில் விட்டார்கள். குளிரில் அது அசையாமல் நீண்டு கிடந்தது. தலையில் இரண்டு கண்கள், இரண்டு கரும்புள்ளிகள். அவற்றுக்கு நடுவே பிளேடை வைத்து வால்வரை இழுத்தாள் இசக்கி. பாதிக்கு ஒரு கண் ஆயிற்று.

இரண்டு பாதிகளையும் இரண்டு கிண்ணங்களில் விட்டு, மேலே காகிதம் ஒட்டினாள். இடதுக்கு 'இ'. வலதுக்கு 'வ'.

குளிர் விட்டதும் இரண்டும் நகர ஆரம்பித்தன. நேராகப் போகவில்லை. ஒவ்வொன்றும் தன் வெட்டுப்பட்ட பக்கமாகவே வளைந்து வளைந்து வட்டமடித்தது. அந்தப் பக்கத்தில் யாரோ இருப்பதுபோல.

சாரல் பிடித்துக்கொண்டது. பட்டப்பகலிலும் விளக்குப் போடவேண்டியிருந்தது. இசக்கி கிண்ணங்களை விட்டு எழுந்திருக்கவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம், ஓடைப் பக்கமிருந்து யாரோ கூப்பிடுவதாகக் கேட்டு வெளியே போனாள். பொம்பளைக் குரல். யாரும் இல்லை. பாறைமேல் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. என்ன பேர் சொல்லிக் கூப்பிட்டது என்பதை மட்டும் அவளால் பிரித்தறிய முடியவில்லை.

நாலாம் நாள் காலையில் 'இ' கிண்ணத்தில் புழு இல்லை. அடியில் கொஞ்சம் வெள்ளைக் கலங்கல் மட்டும் இருந்தது. கிண்ணத்தை அசைத்ததும் அதுவும் கரைந்துபோயிற்று.

சிவகாமி உள்ளே வந்தபோது இசக்கி தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"சில சமயம் அப்படி ஆயிரும், டீச்சர். ரெண்டுல ஒண்ணு தங்காது."

"இடதுன்னுதான் 'இ' போட்டேன்," என்றாள் இசக்கி. "வேற எதையும் நினைச்சுப் போடல."

"வேற என்ன?"

"நான் ஒட்டிப் பிறந்தவ, மேடம்."

அவள் சொன்னது இதுதான். பிறக்கும்போது இரண்டு பெண்குழந்தைகள், விலாவோடு விலா சேர்ந்து. இசக்கி, பேச்சி என்று பேர் வைத்தார்கள். எட்டாம் மாசத்தில் தூரத்துப் பட்டணத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் பிரித்தார்கள். வீட்டுக்கு ஒன்றுதான் வந்தது. அதன் இடப்பக்கம் முழுக்கத் தழும்பு. அதை அம்மா இசக்கி என்று கூப்பிட்டாள். ஆடி அமாவாசைதோறும் பேச்சிக்கு இலை போட்டாள். காக்கைக்கு வைத்தபின் அந்த இலையில் இருந்ததை இசக்கிதான் சாப்பிடுவாள். நாற்பது வருஷத்துக்கு மேலாக.

போன வருஷம் அம்மாவுக்கு மறதி வந்தது. முதலில் அடுப்பை மறந்தாள், அப்புறம் தெருவை. ஒருநாள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே, "ஏளா பேச்சி, தண்ணி கொண்டா" என்றாள்.

"நான் இசக்கிம்மா."

"இசக்கி ஆஸ்பத்திரியிலேயே போயிட்டாளே," என்றாள் அம்மா. அழவில்லை. கல் பொறுக்குவதை நிறுத்தவும் இல்லை. "எனக்கு அந்தப் பேரை விட மனசு வரல. உனக்கு வெச்சுக் கூப்பிட்டுட்டேன்."

பங்குனியில் அம்மா இறந்துபோனாள். மறதி வந்தவர்கள் அப்படித்தான் மாற்றிப் பேசுவார்கள் என்றார் டாக்டர். விவரம் தெரிந்த சொந்தக்காரர்கள் யாரும் மிஞ்சவில்லை.

"வர்ற ஆடி அமாவாசைக்கு அம்மாவுக்கு ஒரு எலை. அது தெரியும்," என்றாள் இசக்கி. "இன்னொரு எலை யாருக்கு, மேடம்? பேச்சிக்குப் போட்டா, ஒருவேளை நான்தான் பேச்சின்னா, இத்தனை வருஷமும் எனக்கு நானே படையல் போட்டுச் சாப்பிட்டிருக்கேன். இசக்கிக்குப் போட்டா, இப்ப உங்க முன்னாடி உக்காந்திருக்கிறது யாரு?"

தகரத்தில் மழை சத்தம் கூடியது. சிவகாமி காலிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்க் கழுவிக் கவிழ்த்தார். 'வ' கிண்ணத்தை அவள் முன்னால் நகர்த்தி வைத்தார்.

"இது முழுசா வளர இன்னும் பத்து நாள் ஆகும். பாருங்க."

இசக்கி பார்த்தாள். வெட்டுப்பட்ட ஓரத்தில் நிறமில்லாத விளிம்பு ஒன்று தோன்றியது. நாளுக்கு நாள் அது அகன்றது. வலப்பக்கம் பழுப்பாக இருக்க, பக்கத்தில் வெள்ளையாக ஒரு பாதி உடம்பு படுத்திருந்தது. ஏழாம் நாள் அந்த வெள்ளையில் ஒரு கறுப்புப் புள்ளி விழுந்தது.

இசக்கி சட்டென்று லென்சிலிருந்து முகத்தை எடுத்தாள்.

"பாக்குது, மேடம்."

"வெளிச்சம் எது, இருட்டு எதுன்னு மட்டும்தான் அதுக்குத் தெரியும்."

"இல்ல. பாக்குது."

அன்று பொழுது சாயும்வரை அவளுடைய தழும்பு அரித்துக்கொண்டே இருந்தது. வருஷக்கணக்காக மரத்துக் கிடந்த இடம். அதை அவள் சிவகாமியிடம் சொல்லவில்லை. மேலே துணியைச் சுற்றிக் கட்டிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு புழு வட்டமடிக்கவில்லை. நேராகப் போயிற்று.

பதினாலாம் நாள். ஆடி அமாவாசைக்கு இரண்டு நாள் இருந்தது. கீழே ஆற்றில் முழுக வரும் கூட்டத்துக்காகப் பந்தல் போடும் சத்தம் காற்றில் மேலே ஏறி வந்தது. சிவகாமி லென்சை இசக்கி பக்கம் திருப்பினார்.

"எந்தப் பக்கம் பழசு, டீச்சர்?"

"வலதுதான். நான்தானே வெட்டினேன்."

"அது எனக்கும் தெரியும். பாத்துச் சொல்ல முடியுதா?"

இசக்கி குனிந்தாள். இரண்டு பக்கமும் ஒரே பழுப்பு. இரண்டு கண்ணும் ஒரே கறுப்பு. வெகுநேரம் பார்த்தாள். கண்ணில் நீர் கட்டிக்கொண்டதும் நிமிர்ந்தாள்.

"முடியல."

"பதினாலு நாளாப் பட்டினி," என்றார் சிவகாமி. அவித்த முட்டையின் மஞ்சளில் ஊசிமுனையளவு கிள்ளித் தண்ணீரில் போட்டார். கிண்ணத்தை இரண்டு மரக்கட்டைகள்மேல் தூக்கி வைத்து, அடியில் ஒரு முகக்கண்ணாடியைச் செருகினார்.

புழு மஞ்சள் துணுக்கை மோப்பம் பிடித்ததுபோல் தலையை ஆட்டியது. பிறகு ஊர்ந்துபோய் அதன்மேல் படுத்துக்கொண்டது. தலை துணுக்கைத் தாண்டிப் போய்விட்டது. கண்ணாடியில் அதன் வயிறு தெரிந்தது. வயிற்றின் மத்தியிலிருந்து வெள்ளைக் குழாய் ஒன்று மெல்ல வெளியே நீண்டு மஞ்சளைத் தொட்டது.

"வாய் தலையில இல்ல," என்றாள் இசக்கி. பள்ளிக்கூடத்தில் இருபது வருஷமாக அவளே நடத்திய பாடம்தான். நேரில் பார்த்ததில்லை.

"நீங்க பிளேடு வெச்ச இடம் எது?"

இசக்கி கண்ணாடிமேல் விரலை வைத்து, தலையிலிருந்து வால்வரை ஒரு கோடு இழுத்தாள். பாதியில் விரல் நின்றுவிட்டது. விரலுக்கு நேர் மேலே வெள்ளைக் குழாய் இரையை இழுத்துக்கொண்டிருந்தது.

அவள் விரலை எடுக்கவில்லை. "யாரு சாப்பிடுறா, மேடம்?" என்று கேட்டாள். குரல் அவளுடையது மாதிரி இல்லை.

சிவகாமி கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னார்.

"நீங்க வெட்டின இடத்துலதான் அதுக்கு வாய் முளைச்சிருக்கு. சோறு எந்தப் பக்கத்துக்குப் போகுதுன்னு எனக்குத் தெரியல, டீச்சர்."