உடுக்கை ஊசி

திண்டுக்கல்லில் பூட்டுப் பட்டறை வைத்திருந்த மிக்கேல் வாத்தியாருக்குச் சந்தியாகு என்று ஒரு சீடர் இருந்தார். சீடர் குருவைவிட வயதில் மூத்தவர். அதனால் சீடர் குருவை ‘வாத்தியாரே’ என்பார், குரு சீடரை ‘அண்ணே’ என்பார். பார்க்கிறவர்களுக்குத்தான் அது வேடிக்கை. அவர்களுக்குப் பழகிப்போயிருந்தது.

ஒரு காலையில் சந்தியாகு கையில் ஒரு பூட்டோடு வந்தார். முகத்தில் கல்யாணக் களை.

“வாத்தியாரே, கள்ளக்கம்பி போட்டு யாராலயும் திறக்க முடியாத பூட்டுன்னு ஒண்ணு உண்டா?”

“நீங்க செஞ்சிட்டீங்களாண்ணே?”

“முக்காவாசி செஞ்சிட்டேன். இருக்கிற ஊசிகளோட இன்னும் ஒண்ணு சேத்தா முழுசாயிரும். நீங்க சரின்னு சொன்னா இன்னைக்கே சேத்துருவேன்.”

பூட்டுக்குள் சின்னச் சின்னப் பித்தளை ஊசிகள் வரிசையாக நிற்கும். சரியான சாவி போட்டால் எல்லா ஊசியும் அளவாக எழும்பி வழிவிடும். சாவி இல்லாதவன் ஒரு கம்பியால் பூட்டைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கம்பியால் ஊசிகளை ஒவ்வொன்றாகத் தூக்குவான். சந்தியாகு தன் ஊசிகளை உடுக்கை மாதிரி இடுப்பு ஒடுக்கிக் கடைந்திருந்தார். தூக்குகிறவனுக்கு ஊசி ஏறிவிட்டது என்றே தோன்றும். ஆனால் அது இடுப்பில் சிக்கி நிற்கும். அதை விடுவிக்க, திருப்பிய பிடியைத் தளர்த்த வேண்டும். தளர்த்தினாலோ, அதுவரை பாடுபட்டு ஏற்றிய ஊசிகளும் இறங்கிவிடும். பொல்லாத வேலை. அதை மனிதர் ரசித்து ரசித்துச் செய்திருந்தார்.

“யாரை மனசுல வச்சுக் கடைஞ்சீங்க?” என்றார் மிக்கேல்.

சந்தியாகுவின் சிரிப்பு கொஞ்சம் சுருங்கியது.

“ராயப்பனத்தான்.”

ராயப்பன் அவருடைய தம்பி. இதே பட்டறையில் தொழில் கற்றவன். அவன் கைக்குப் படியாத பூட்டு கிடையாது. வீட்டில் எல்லோரும் கோயிலுக்குப் போயிருந்தால் சாவிக்காகக் காத்து நிற்கமாட்டான். பூசை முடிந்து இவர்கள் திரும்பும்போது, உள்ளே உட்கார்ந்து டீ போட்டுக் குடித்துக்கொண்டிருப்பான். அம்மா திட்டிக்கொண்டே அவனிடமே ஒரு தம்ளர் வாங்கிக் குடிப்பாள்.

அந்த அம்மா செத்தபோது, திருப்பூரிலிருந்து அவன் வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. “இனி என் வாசப்படிய மிதிக்காத” என்று நாலு பேர் முன்னால் சந்தியாகு சொல்லிவிட்டார். அவனும் மிதிக்கவில்லை. சொன்ன சில நாளிலேயே அந்தச் சொல் சந்தியாகுவின் நெஞ்சை அறுக்க ஆரம்பித்தது. ஆனாலும் மூத்தவன் எப்படி இறங்கிப் போவது என்று இருந்துவிட்டார். கோபமெல்லாம் எப்போதோ ஆறிப்போயிருந்தது, வீம்புதான் பாக்கி.

அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம். புதுப் பூட்டைச் செய்தவன் முதலில் தன் வீட்டுக் கதவில்தான் மாட்ட வேண்டும். அது ஒரு மழையும் ஒரு வெயிலும் பார்த்த பிறகு வாத்தியாரிடம் கொண்டுவர வேண்டும். அவர் பிரித்துப் பார்த்துச் சரி என்றால்தான் விற்பனைக்குப் போகும். இந்தப் பூட்டும் அப்படித்தான் சந்தியாகு வீட்டு வாசலில் தொங்கிவிட்டு வந்திருந்தது.

மிக்கேல் வெள்ளைத் துணியை விரித்துப் பூட்டைப் பிரித்தார். ஊசிகளை வரிசை மாறாமல் எடுத்து வைத்தார். கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு வெகுநேரம் குனிந்திருந்தார்.

“அண்ணே, இதை யாரோ திறக்கப் பாத்திருக்காங்க.”

சந்தியாகு லென்ஸைப் பிடுங்காத குறையாக வாங்கிப் பார்த்தார். ஊசிகளில் மெல்லிய கீறல்கள்.

“பாத்தீங்களா! களவாணிப்பய வந்து மண்ணைக் கவ்விட்டுப் போயிருக்கான்! இருங்க, எல்லாருக்கும் டீ சொல்லிட்டு வரேன்.”

“சொல்லலாம், உக்காருங்க. வீட்டுல ஆளில்லாம எப்ப இருந்துச்சு?”

“வேளாங்கண்ணித் திருவிழாவுக்குப் போயிருந்தோம்ல, அப்பத்தான்.”

“நாதாங்கிய நெம்பியிருந்துச்சா?”

“இல்லையே.”

“வளையத்துல ரம்பம் பட்ட தடம்?”

“ஒரு கீறல் கிடையாது.”

“ரொம்ப மரியாதப்பட்ட களவாணியா இருக்கானே” என்றார் மிக்கேல். சாவித் துவாரத்துக்குள் விரலைத் தேய்த்துக் காட்டினார். கறுப்பாக ஒட்டியிருந்தது. “பென்சில் கரி. கம்பி போடுறதுக்கு முன்னால இதை ஊதுறது யாருண்ணே?”

“பூட்டுக்குக் காயம் படக்கூடாதுன்னு நம்ம பட்டறை ஆளுகதான்…” சொல்லும்போதே சந்தியாகுவின் குரல் இறங்கியது.

“திருப்புக் கம்பிய எல்லாரும் துவாரத்துக்கு அடியில குடுப்போம். மேல குடுக்கிறது யாரு?”

சந்தியாகு மறுபடி குனிந்தார். லென்ஸை வைத்துப் பார்த்தார். துவாரத்தின் மேல் உதட்டில்தான் தடம் இருந்தது. அந்தப் பழக்கத்துக்காக இந்தப் பட்டறை முழுக்கக் கேலி செய்தது ஒரே ஒருவனைத்தான்.

வேளாங்கண்ணியிலிருந்து திரும்பிய அன்று கதவுக் கொண்டியில் ஒரு பை தொங்கியது அவருக்கு ஞாபகம் வந்தது. உள்ளே சிறுமலை வாழைப்பழம். அக்கம்பக்கத்தில் யாரோ வைத்ததாக்கும் என்று யாரையும் விசாரிக்காமல் தின்றார்கள். நல்ல பழம் என்று இவர் இரண்டாவதும் எடுத்துத் தின்றார். அது அம்மாவுக்குப் பிடித்த பழம். அப்போதுகூட உறைக்கவில்லை.

“அவன் விடாக்கண்டன் வாத்தியாரே. ஒருதடவ பிடிச்சான்னா பிடியத் தளர்த்தவே மாட்டான். அதை நம்பித்தான் இப்படிக் கடைஞ்சேன்.”

“தளர்த்தியிருக்கான்.”

“என்னது?”

“தடத்தப் பாருங்க. ஒரே அழுத்தா இல்ல. விட்டு விட்டுப் பிடிச்சிருக்கான். எத்தனை தடவைன்னு சொல்ல முடியாது, ஒண்ணு மேல ஒண்ணா விழுந்திருக்கு. முன்னால உள்ள ஊசியெல்லாம் தாண்டிட்டான். உள்கடைசி ஒண்ணுதான் அவனுக்கு வழிவிடல.”

அந்தக் கடைசி ஊசி முதலில் கணக்கிலேயே இல்லை. மற்ற ஊசிகளை வைத்து முடித்த பிறகு, இதையும் வைத்தால் ராயப்பன் திறந்துவிடுவானா பார்க்கிறேன் என்று வீட்டுக்காரியிடம் சவடால் அடித்துவிட்டுச் சேர்த்தது.

சந்தியாகு தரையில் உட்கார்ந்தார். பட்டறையில் கடைசல் போட்டுக்கொண்டிருந்தவர்கள் மெஷினை நிறுத்திவிட்டு வேறு பக்கம் பார்த்தார்கள். அந்த மனிதர் அழுது அதுவரை யாரும் பார்த்ததில்லை. தன் வீட்டு வாசலில் தம்பி மண்டிபோட்டு உட்கார்ந்து, பிடித்துப் பிடித்து விட்டுக்கொண்டிருந்ததை நினைக்க நினைக்க அவருக்கு ஆறவில்லை.

“அந்த ஊசி மட்டும் இல்லைன்னா உள்ள வந்திருப்பான் வாத்தியாரே. நாங்க திரும்பி வரும்போது டீ போட்டு வச்சிருப்பான்.”

மிக்கேல் ஊசிகளை ஒவ்வொன்றாகப் பூட்டுக்குள் போட்டார். கடைசி ஊசியைக் கையிலேயே வைத்துக்கொண்டார்.

சந்தியாகு கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

“அது வேண்டாம். போடாதீங்க. அது இல்லாமலே பூட்டக் குடுங்க. இப்பவே கொண்டுபோய்க் கதவுல மாட்டிர்றேன். அடுத்த தடவ அவன் வந்தான்னா திறந்துக்கிரும்.”

மிக்கேல் பூட்டை மூடி அவர் கையில் கொடுத்தார். கடைசி ஊசியையும் கொடுத்தார்.

“ஊசிய எடுத்துட்டீங்கன்னு அவனுக்கு எப்படிண்ணே தெரியும்?”