ஒட்டாத பீரங்கி

காட்பாடியில் ஒரு மருந்துக்கடையின் மாடியில், ஞாயிற்றுக்கிழமைதோறும் செலின் பிளாஸ்டிக் மாதிரி வண்டிகள் செய்யச் சொல்லிக்கொடுத்தார். அவருக்கு முப்பது தாண்டி ஒன்றிரண்டு வயதுதான் இருக்கும். மாணவர்களில் மூத்தவரான துரைவேலுவுக்கு அறுபது நெருங்கிக்கொண்டிருந்தது. பட்டாளத்தில் பீரங்கி இழுக்கும் லாரியை ஓட்டி ஓய்வு பெற்றவர். அவரும் மற்றவர்களைப் போல "டீச்சர்" என்றுதான் கூப்பிடுவார். டீச்சர் அவரை "ஐயா" என்பார்.

துரைவேலு தான் ஓட்டிய லாரியைத்தான் செய்துகொண்டிருந்தார். நிஜத்தில் முப்பத்தைந்தில் ஒரு பங்கு. லாரி முடிந்துவிட்டது. மற்றவர்கள் தங்கள் வண்டிகளுக்குச் சேறும் துருவும் பூசி அழகு பார்த்தார்கள். துரைவேலு பூச மறுத்துவிட்டார். கீழே மருந்துக்கடை வைத்திருந்த மோகனசுந்தரமும் அங்கே மாணவர்தான். இது போருக்குப் போகிற லாரியா, கல்யாணத்துக்குப் போகிற லாரியா என்று அவர் கேட்டார். அழுக்கு லாரியோடு வந்து நின்றால் சுபேதார் தோலை உரித்துவிடுவார் என்றார் துரைவேலு, சிரிக்காமல்.

பீரங்கிதான் பாக்கி. அதில்தான் அவர் சிக்கிக்கொண்டார்.

பீரங்கிக்குப் பின்னால் இரண்டு நீண்ட கால்கள். சுடும்போது அவற்றை விரித்து மண்ணில் ஊன்றுவார்கள். இழுத்துப் போகும்போது ஒன்றாகச் சேர்த்து லாரியின் கொக்கியில் மாட்டுவார்கள். துண்டுகள் வந்த பெட்டியில் இருந்த விளக்கத் தாளில் இரண்டு படங்களும் பக்கம் பக்கமாக இருந்தன. எதையாவது ஒன்றைத்தான் செய்ய முடியும். இந்த வேலைக்கான பசை பிளாஸ்டிக்கையே உருக்கி ஒட்டும். ஒட்டியபின் பிரித்தால் உடையும்.

சில வாரங்களாக அவர் வருவார், துண்டுகளை எடுத்துப் பார்ப்பார், திரும்ப வைப்பார், போய்விடுவார். ஒரு ஞாயிறு கேட்டேவிட்டார்.

"டீச்சர், எப்படி ஒட்டட்டும்?"

"யாருக்காகச் செய்றீங்க?"

துரைவேலு சொன்னார். அவரோடு பட்டாளத்தில் இருந்தவன் பலராமன். பீரங்கி சுடுகிறவர்களில் ஒருவன். மலைப் போரில் இறந்தபோது அவன் பெண் தாய் வயிற்றில் இருந்தாள். இப்போது அந்தக் கோமளவல்லி குடியாத்தத்தில் பள்ளி ஆசிரியை. ஒரு கல்யாணத்தில் பார்த்தபோது, அப்பா பீரங்கியிடம் எப்படி இருப்பார் என்று கேட்டாள். அவரும் வாய் தவறி, செய்தே காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டார். வருகிற ஞாயிறு இங்கேயே வந்து பார்க்கப் போகிறாள்.

"அப்போ விரிச்சு ஒட்டுங்க."

"நான் பார்த்ததில்லையே டீச்சர். டிரைவர் பீரங்கியைக் கொண்டுபோய் விடுவான். கொக்கியைக் கழட்டின உடனே லாரியை ஓட்டிக்கிட்டு மலைக்குப் பின்னாடி போயிடணும். கூப்பிட்டாத்தான் திரும்ப வரணும். அன்னைக்குக் கூப்பிட்டாங்க, போனேன். அவன் ஏறல."

"சேர்த்து ஒட்டினா?"

"அது நான் பார்த்ததுதான். ஆனா அந்தப் பொண்ணு அதைக் கேக்கலையே." அவர் துண்டுகளைப் பார்த்தார். "படம் பார்த்து விரிச்சு ஒட்டலாம். ஒவ்வொரு ஆணியும் சரியா இருக்கும். இருந்தும் பொய்யா இருக்கும்."

செலின் எழுந்து மேசையைத் துடைத்தார். பீரங்கித் துண்டுகளை நடுவில் வைத்தார். லாரியைத் தூக்கி துரைவேலுவின் கையில் கொடுத்தார்.

"சுடும்போது லாரி எங்க நின்னுதோ அங்க நிறுத்துங்க."

துரைவேலு மேசையின் ஓரத்தில் வைத்தார். அவ்வளவு பக்கத்திலா என்று டீச்சர் கேட்டார். இல்லை, ஒரு கிலோமீட்டருக்கு மேல் இருக்கும் என்றார் அவர். முப்பத்தைந்தால் வகுத்து, முப்பது மீட்டர் வருகிறது என்று மோகனசுந்தரம் கணக்குச் சொன்னார். டீச்சர் கதவைக் காட்டினார்.

துரைவேலு லாரியை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு படி இறங்கினார். தெருவைக் கடந்தார். எதிர்ப்புறம் இஸ்திரி வண்டிக்குப் பக்கத்தில் போய் நின்றார். இஸ்திரி போடுகிறவர் லாரியைப் பார்த்துவிட்டு, பேரனுக்கா சார் என்று கேட்டார். ஒரு பேருந்து போயிற்று. யாரும் அவரைக் கூப்பிடவில்லை. எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்றும் டீச்சர் சொல்லவில்லை. கை வலித்தபோது அவரே திரும்பி வந்தார்.

"என்ன தெரிஞ்சுது?"

"மருந்துக்கடை போர்டு. உங்க ஜன்னல் கம்பி."

"பீரங்கி?"

"தெரியல."

செலின் தலையசைத்துவிட்டு உப்புத்தாளை எடுத்துத் தன் வண்டியைத் தேய்க்க ஆரம்பித்தார். துரைவேலு பதிலுக்காக நின்றார். பரீட்சை முடிந்தது, ரிசல்ட் எப்போது என்று கேளுங்கள் ஐயா என்று மோகனசுந்தரம் காதோடு சொன்னார்.

அந்த வாரம் முழுக்க அவருக்குக் குழப்பம்தான். விரித்து ஒட்டாதே என்கிறாரா? பார்க்காததைப் போய்த் தெரிந்துகொண்டு வா என்கிறாரா? இல்லை, வயதானவனை வைத்து விளையாடினாரா? ஒருநாள் சாயங்காலம், வீட்டுக்கு எடுத்துப் போயிருந்த பெட்டியைத் திறந்து, துணிந்து பசையைத் தூரிகையில் தொட்டார். காலை விரிப்பதா சேர்ப்பதா என்று யோசித்துக்கொண்டிருந்ததில் பசை காய்ந்து தூரிகை கல்லாகிவிட்டது.

ஞாயிறன்று கோமளவல்லி வந்தாள். மேசைமேல் லாரி இருந்தது. பக்கத்தில் பெட்டி மூடியில் பீரங்கி துண்டு துண்டாகக் கிடந்தது. துரைவேலு உட்காரவில்லை. அணிவகுப்பில் நிற்பதுபோல் நின்றார்.

"பீரங்கிகிட்ட உங்கப்பா எப்படி இருந்தான்னு எனக்குத் தெரியாதும்மா. நான் அங்க இல்ல. அன்னைக்குக் கல்யாணத்துல இதைச் சொல்லியிருக்கணும்."

அவள் துண்டுகளைப் பார்த்தாள். தொடவில்லை. எழுந்து போய்விடுவாள் என்று அவர் நினைத்தார்.

"நீங்க எங்க இருந்தீங்க, பெரியப்பா?"

"மலைக்குப் பின்னாடி. இந்த லாரியில."

"அப்பா இதுல வருவாரா?"

"இதுலதாம்மா வருவான்."

"எங்க உட்காருவார்?"

துரைவேலு குனிந்து சுண்டுவிரலால் காட்டினார். என் சீட்டுக்குப் பின்னாடி, இடது பக்கம் என்றார். பிறகு அவராகவே சொல்லிக்கொண்டு போனார். பாதை மோசமானால் பலராமன் பின்னாலிருந்து தகரத்தில் தட்டுவான். டீ வேண்டுமென்றாலும் தட்டுவான், அந்தத் தட்டு வேறு மாதிரி இருக்கும். பாட்டை எடுத்தால் வரிகளை மாற்றித்தான் பாடுவான், திருத்தினால் கோபம் வரும். குளிரில் பூட்ஸ் காலை உதைத்துக்கொண்டே வருவான், உதை தன் முதுகில் தெரியும். ஒருமுறை அந்தச் சத்தம் நின்றுவிட்டது. பயந்துபோய் வண்டியை நிறுத்தி இறங்கிப் பார்த்தால், தூங்கிக்கொண்டிருந்தான்.

கோமளவல்லி லாரியின் பின்பக்கக் கூரைத் துணிக்குள் விரலை விட்டு, அவர் காட்டிய உட்காரும் பலகையைத் தொட்டாள். தொட்டபடியே இருந்தாள். எப்படித் தட்டுவார் என்று கேட்டாள். துரைவேலு மேசையில் தட்டிக் காட்டினார். இது பாதைக்கா டீக்கா என்றாள். டீக்கு என்றார் அவர்.

போகும்போது லாரியைத் துப்பட்டாவில் சுற்றி மடியில் வைத்து ஆட்டோவில் எடுத்துப் போனாள்.

துரைவேலு மாடிக்குத் திரும்பி வந்தார். செய்தது சரியா தப்பா என்று அவருக்கு இன்னும் பிடிபடவில்லை. பெட்டி மூடியைக் கையில் எடுத்தார்.

"டீச்சர், அந்தப் பொண்ணு இதைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல. இப்ப இதை எப்படி ஒட்டட்டும்?"

செலின் மூடியை வாங்கி, துண்டுகள் சரியாமல் அலமாரியின் மேல்தட்டில் வைத்தார்.

"அங்க இருந்தவங்க யாராவது வந்தா ஒட்டட்டும், ஐயா."