புனுகுப்பூனையும் நார்த்தங்காய் எண்ணெயும்

நீலிமலைக் காட்டின் உச்சியில் பரிமளன் என்றொரு புனுகுப்பூனை இருந்தான். அவனுக்கு இரண்டு பெருமைகள். ஒன்று, அவன் உடம்பிலேயே ஊறிய புனுகு. அது உடம்பில் எந்த இடத்தில் ஊறுகிறது என்பதை அவன் யாருக்கும் சொன்னதில்லை. நாமும் சொல்லவேண்டாம். இன்னொன்று, மாதங்கி யானையின் கழுத்தில் அவனுக்கென்று இருந்த இடம்.

கோடை வந்தால் உச்சியில் சுனை வற்றிவிடும். அடிவாரத்து ஆற்றுக்குப் போனால்தான் தண்ணீர். பாதையோ வளைந்து வளைந்து இறங்கும். நடுவழியில் ஒரு பெரிய பாறை. பாறையின்மேல் ஒரு சிறுத்தை. தனியாகப் போன முயல்கள் திரும்பி வந்ததில்லை. அதனால் மாதங்கி காலையில் சின்னப் பிராணிகளை முதுகில் ஏற்றிக்கொண்டு இறங்குவாள். வெயில் தாழ்ந்ததும் ஏற்றிக்கொண்டு திரும்புவாள். யானைமேல் இருப்பவர்களைச் சிறுத்தை பார்க்கும், பார்ப்பதோடு சரி.

சிறுத்தையிடமிருந்து தப்பியவர்கள் வளைவுகளிடம் மாட்டிக்கொண்டார்கள். யானை ஒரு கால் வைத்தால் முதுகு இந்தப் பக்கம் சாயும். மறுகால் வைத்தால் அந்தப் பக்கம். "சும்மாதானே உட்கார்ந்திருக்கிறோம்" என்று சொல்லும் கண். "இல்லை, ஆடிக்கொண்டிருக்கிறோம்" என்று உள்ளிருந்து சொல்லும் காது. இந்த இரண்டு பேரின் வாக்குவாதத்தில் அடிபடுவது பாவம், வயிறு.

"அம்மா, நிறுத்துங்க! நிறுத்துங்க!" என்று கத்துவாள் செவ்வந்தி என்ற முயல். மாதங்கி நிற்பதற்குள் முதுகு நனைந்துவிடும்.

"தினமும் ஆத்துல குளிக்கிறது எனக்காகன்னு நினைச்சேன். உங்களுக்காகத்தான் போலிருக்கு!" என்பாள் மாதங்கி.

பரிமளனுக்கு மட்டும் ஒன்றும் ஆகாது. கழுத்தில் ஆட்டம் குறைவு. எதிரே பாதையும் தெளிவாகத் தெரியும். காரணம் அவ்வளவுதான். ஆனால் தன் புனுகுதான் காரணம் என்று அவன் மனதார நம்பினான். பின்னால் திரும்பி, "நல்ல வாசனை இருக்கிறவனுக்கு வயிறு புரளாது!" என்பான். உண்மையில் மாதங்கி அவனைக் கழுத்தில் வைத்துக்கொண்டதற்குக் காரணம் வேறு. அவன் வாசனைக்கு ஈக்கள் அவள் காதோரம் வருவதில்லை.

எல்லாரும் யானைமேல் வர, ஊசிமல்லி என்ற முள்ளம்பன்றி மட்டும் பின்னால் நடந்து வருவாள். சிறுத்தை அவளைத் தொடாது. தொட்டுப் பார்த்த ஒருநாள் அதற்கு நன்றாக நினைவிருந்தது.

ஒருநாள் ஊசிமல்லி நார்த்தை மரத்தடியில் தூங்கி எழுந்து அவசரமாக வந்தாள். தூக்கத்தில் புரண்டதில் கீழே கிடந்த காய்களின் தோலை அவள் முட்கள் குத்தியிருந்தன. தோலில் இருந்த எண்ணெய் முட்களில் ஒட்டியிருந்தது. யானையின் வாலோரத்தில் தலை தொங்கக் கிடந்த செவ்வந்தி திடீரென்று மூக்கைத் துடிக்கவிட்டாள்.

"அக்கா! உங்க மேல என்ன வாசனை? தொண்டை வரைக்கும் வந்தது அப்படியே உள்ளே போயிடுச்சே!"

"நார்த்தங்காய்தான் புள்ள. போயிடுச்சா? நிஜமாவா?"

மறுநாளிலிருந்து ஊசிமல்லி வேண்டுமென்றே புரண்டாள். காய்களை முள்ளால் குத்தினாள். கசிந்த எண்ணெயைத் தேக்கிலைத் துண்டுகளில் ஒற்றி எடுத்தாள். ஆளுக்கொரு இலை. கூடவே ஓயாத அறிவுரை.

"தூரத்துல வச்சு முகர்ந்து பாரு. மூக்குக்குள்ள திணிக்காதே! நக்காதே, நாக்கு எரியும். கண்ணை எதிர் மலையில வை. பக்கத்துல இருக்கிறவன் முதுகைப் பார்த்துக்கிட்டே வராதே. முட்டத் தின்னுட்டு ஏறாதே, காலி வயித்தோடயும் ஏறாதே. அப்படியும் வந்தா என்னைத் திட்டாதே. இது எண்ணெய்தான், மந்திரம் இல்லை!"

எல்லாருக்கும் முழுக்கச் சரியாகிவிடவில்லை. ஆனால் மாதங்கியின் முதுகு பல நாள் காய்ந்தே இருந்தது. காடு முழுக்க ஒரே பேச்சு. "ஊசிமல்லி இல்லேன்னா நாங்க என்ன ஆகியிருப்போம்!"

இந்தப் பேச்சு பரிமளன் காதில் விழுந்தது. விழுந்த இடத்தில் முளைத்தது.

வாசனை என்று காட்டில் யாராவது சொன்னால் இதுவரை அது அவனைப் பற்றித்தான். இப்போது வாசனை என்றால் ஒரு முள்ளம்பன்றி! மண்ணைத் தோண்டிக் கிழங்கு தின்கிறவள்! அவள் பெயரில்கூட ஒரு பூ இருந்தது அவனுக்குப் பொறுக்கவில்லை. பெயர் வைத்தவர்கள் முட்களைப் பார்க்கவே இல்லையா?

"அந்த எண்ணெய் வாசனை எங்க நிக்குது?" என்று ஒருநாள் எல்லார் முன்னாலும் கேட்டான். "ரெண்டு வளைவு தாண்டினா பறந்துபோகுது. அதுவும் ஒரு வாசனையா? என் புனுகை ஒரு கல்லுல தேய்ச்சா, மழை பெய்தாலும் போகாது. நிக்கிறதுதான் வாசனை!"

"ஆமா, நீ வந்துட்டுப் போன இடம் எல்லாருக்கும் தெரியும்" என்றான் வாலன் என்ற கருமந்தி. மரத்துக்கு மரம் தாவத் தெரிந்தும் சோம்பலால் யானை ஏறுகிறவன் அவன். வம்பு என்றால் மட்டும் சோம்பல் கிடையாது. "ஆனா பரிமளன் அண்ணே, ஒண்ணு சொல்லவா? மாதங்கியம்மா நேத்து ஊசிமல்லிக்கு என்ன செய்யறதுன்னு யோசிச்சுக்கிட்டு இருந்தாங்க. ஏதாவது கௌரவம் பண்ணணுமாம்."

"என்ன கௌரவம்?"

"யானைகிட்ட வேற என்ன இருக்கு? கழுத்துதான்!" வாலன் கிளையில் தொங்கிக்கொண்டே சிரித்தான். "வால் பக்கம் காத்து நல்லா வரும் அண்ணே. பழகிக்குங்க!"

அன்று பரிமளனுக்கு இரை இறங்கவில்லை. கண்ணை மூடினால் கழுத்தில் ஊசிமல்லி உட்கார்ந்திருந்தாள். திறந்தாலும் உட்கார்ந்திருந்தாள். அவள் காலாட்டிக்கொண்டு பின்னால் திரும்பி, "நல்ல வாசனை இருக்கிறவளுக்கு வயிறு புரளாது!" என்று சொன்னாள். அவன் சொன்ன வாக்கியத்தையே சொன்னாள்! வாலன் வேடிக்கைக்குச் சொன்னதாக இருக்கலாம் என்று அவன் ஒரு கணம்கூட நினைக்கவில்லை. பொறாமைக்காரனிடம் வதந்தி சொல்வது சுலபம். அவன் சாட்சி கேட்பதில்லை.

விடியும் நேரத்தில் நார்த்தை மரத்தடிக்குப் போனான். பாறைக் குழியில் இலைகள் தயாராக இருந்தன. ஊசிமல்லி கிழங்கு தேடப் போயிருந்தாள்.

'நான் கெடுக்க வரவில்லை' என்று பரிமளன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். 'திருத்த வந்திருக்கிறேன். அவள் எண்ணெய் நிற்பதில்லை. என் புனுகு சேர்ந்தால் நிற்கும். இன்று எல்லாரும் முகர்ந்துவிட்டு, ஆகா, இது பரிமளன் வாசனை என்பார்கள்.' இப்படிச் சொல்லிக்கொண்டே ஒவ்வொரு இலையிலும் தேய்த்தான். எங்கே ஊறுகிறதோ அங்கிருந்தே தாராளமாகத் தேய்த்தான்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. புனுகு கடுகில் பாதி அளவு சேர்ந்தால் மணம். அள்ளிப் பூசினால் அது வேறு ஒன்று. இது ஊருக்கெல்லாம் தெரியும். புனுகுப்பூனைக்கு மட்டும் தெரியாது. அது பிறந்ததிலிருந்து அந்த வாசனைக்குள்ளேயே இருக்கிறது.

கிழங்கு தோண்டித் திரும்பிய ஊசிமல்லி, மண் அடைத்த மூக்கோடு அவசரமாக இலைகளைக் கொடுத்தாள். சவாரி கிளம்பியது. முதல் வளைவில் செவ்வந்தி இலையை முகர்ந்தாள். அவள் காதுகள் இரண்டும் பின்னால் மடிந்தன.

"அக்கா, இன்னைக்கு என்னமோ... உவ்வே!"

அடுத்து ஒரு கீரி. அடுத்து மூன்று அணில்கள் ஒன்றின்மேல் ஒன்றாக. வாலன் இலையைத் தூக்கி எறிந்தான். வாசனை அவன் விரலை விடவில்லை. அவன் குனிந்து தன் விரலைக் கத்தியில்லாமல் வெட்ட முடியுமா என்று பார்ப்பவன்போல் பார்த்தான். பிறகு அவனும் சேர்ந்துகொண்டான். கழுத்திலிருந்த பரிமளன் திரும்பிப் பார்த்தான். யாரும் 'ஆகா' என்று சொல்லவில்லை.

மாதங்கியின் முதுகு வழவழவென்று ஆகிவிட்டது. சரியாகச் சிறுத்தைப் பாறையின் வளைவில் செவ்வந்தி பிடி நழுவிக் கீழே விழுந்தாள். எழுந்து ஓட அவளுக்குத் தெம்பில்லை. தலை சுற்றியது.

பாறைமேல் மஞ்சள் உடம்பு எழுந்து நின்றது. பாய்ந்தது.

அதற்குள் ஊசிமல்லி முயலுக்கும் சிறுத்தைக்கும் நடுவில் முதுகைக் காட்டி நின்றுவிட்டாள். முட்கள் அத்தனையும் சலசலவென்று விரிந்தன. "வா! போன தடவை மூக்குதான் போச்சு. இந்தத் தடவை எது வேணும்?" என்றாள். சிறுத்தை பாதியிலேயே திரும்பி உறுமியது. மாதங்கி பிளிறிக்கொண்டு துதிக்கையால் முயலைச் சுற்றி எடுத்தாள். சிறுத்தை பாறைக்குப் பின்னால் போய்விட்டது.

மாதங்கி முன்காலால் தரையை ஓங்கி மிதித்தாள். "போதும்! இன்னியோட சவாரி முடிஞ்சுது! இவளைச் சாகக் கொடுக்க இருந்தேனே! இது யார் கொடுத்த மருந்து?"

எல்லாரும் ஊசிமல்லியைப் பார்த்தார்கள்.

அந்த நேரத்தில் பரிமளனுக்கு நெஞ்சுக்குள் ஒரு குளிர்ச்சி. முயல் விழுந்தபோது அவன் பயந்தது உண்மை. ஆனால் இத்தனை கண்களும் ஊசிமல்லியை முறைத்தபோது, 'அப்படி முறையுங்கள்! இன்னும் கொஞ்சம்!' என்று உள்ளே யாரோ கைதட்டினார்கள். அவன் வாயைத் திறக்கவில்லை.

ஊசிமல்லி கீழே கிடந்த ஒரு இலையை எடுத்தாள். முகர்ந்தாள். முகம் சுளித்தாள்.

"என் எண்ணெய் ரெண்டாவது வளைவுலேயே பறந்துபோகும். இங்க இருக்கிற எல்லாருக்கும் அது தெரியும். இது ஏழாவது வளைவு. இந்த இலை இன்னும் வீசுதே! என்னோடது போயிடுச்சு. நிக்கிறது யாரோடது?"

வாலன் வாயைத் துடைத்துக்கொண்டான். மெதுவாக முன்னால் திரும்பினான். "மழை பெய்தாலும் போகாதது... நிக்கிறதுதான் வாசனை... அண்ணே! இதை எங்கேயோ கேட்டிருக்கேனே!"

பரிமளன் காதுகள் இரண்டும் சூடாகின. "நான்... கொஞ்சம் திருத்தலாம்னு..."

"எதைடா திருத்தினே?" என்று மாதங்கி தலையை ஒரு உலுக்கு உலுக்கினாள். பரிமளன் கழுத்திலிருந்து சரிந்து, தடுமாறி நிமிர்ந்தான். "எதுக்குடா செய்தே?"

"அவளுக்குக் கழுத்துல இடம் கொடுக்கப் போறீங்கன்னு வாலன் சொன்னான்!"

மாதங்கி சிரித்தாள். அந்தச் சிரிப்பில் முதுகிலிருந்தவர்களுக்கு மறுபடி வயிறு புரண்டது.

"கழுத்துலயா? இவளையா? அட மக்கே! என் தோல் தடிச்சதுதான். அதுக்காக அத்தனை முள்ளையும் கழுத்துல ஏத்திக்குவேனா? இவ ஏன் தினமும் நடந்து வர்றான்னு ஒருநாளாவது யோசிச்சியா?"

பரிமளன் ஊசிமல்லியைப் பார்த்தான். முட்கள் இன்னும் முழுக்க மடங்கவில்லை. ஒவ்வொன்றும் ஒரு முழம் நீளம். இத்தனை நாளாக அவன் அவளுடைய புகழைத்தான் பார்த்தான். முட்களைப் பார்த்ததே இல்லை.

"எனக்கு நடக்கத்தான் பிடிக்கும்" என்றாள் ஊசிமல்லி. "யானைமேல ஏறினா எனக்கும் வயிறு புரளும்."

மாதங்கி சவாரியை நிறுத்தவில்லை. குற்றம் யாருடையது என்று தெரிந்துவிட்டதே. இடத்தை மட்டும் மாற்றினாள். கழுத்துக்குச் செவ்வந்தி வந்தாள். வாலோரத்துக்குப் பரிமளன் போனான். "காதுல ஈ மொய்ச்சா மொய்க்கட்டும்" என்றாள் மாதங்கி. வம்பு சொன்ன வாலனை அன்று ஆற்றங்கரை வரைக்கும் மரத்தில் தாவி வரச் சொன்னாள்.

பின்பக்கம் எப்படி ஆடும் என்று பரிமளனுக்கு அன்றுதான் தெரிந்தது. அடுத்த வளைவில் வாயில் உமிழ்நீர் ஊறியது. அதற்கடுத்ததில் கண் இருட்டியது. அவன் தன் புனுகை ஆசையோடு முகர்ந்து பார்த்தான். அது பெரிய தவறு.

பின்னால் வந்த ஊசிமல்லி வழியில் கிடந்த ஒரு காயைக் குத்தி, எண்ணெய் பளபளத்த ஒற்றை முள்ளைக் கழற்றி, மாதங்கியின் வால்நுனி மயிரில் செருகி அவன் பக்கம் நீட்டினாள். "முகர்ந்துக்கோ. தூரத்துல வச்சு."

"வேண்டாம்" என்றான்.

"சரி. எதிர் மலையையாவது பாரு."

அவன் எதிர் மலையைப் பார்க்கவில்லை. கழுத்தில் காலாட்டிக்கொண்டிருந்த முயலையே பார்த்துக்கொண்டிருந்தான். பார்க்கப் பார்க்க வயிறு இன்னும் மோசமானது. கடைசி வளைவுக்கு முன்னால் தலையைத் தொங்கப்போட்டு, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, அந்த முள்ளை முகர்ந்தான். குளிர்ந்த, கூர்மையான, கபடமில்லாத வாசனை. வந்தது, வேலையைச் செய்தது, போய்விட்டது. அவன் தொண்டை வரை வந்தது இறங்கியது.

"எப்படி இருக்கு?" என்றாள் ஊசிமல்லி.

"நார்த்தங்காய் நல்ல காய்" என்றான் பரிமளன். அதற்குமேல் சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை.

ஆற்றில் இறங்கி எல்லாரும் குளித்தார்கள். எல்லார் மேலிருந்தும் அந்த நாற்றம் போனது. பரிமளன் தேய்த்துத் தேய்த்துக் குளித்தான். அவன் மேலிருந்து போகவே இல்லை.

பிறர் நற்பெயரின்மேல் பொறாமையைப் பூசுகிறவனிடமிருந்துதான் அதன் நாற்றம் கடைசியாகப் போகும்.