செங்கரட்டுப் பட்டாணி

செங்கரடு என்ற குன்றைத் தவிர வேறெங்கும் முளைக்காத காட்டுப் பட்டாணியை ஆடுகள் மேய்ந்து அழிப்பதாகச் சொல்லி, ஜமீன்தார் விஜயரங்கர் கரட்டைச் சுற்றி வேலி போட்டார். அதன்பின் இரண்டு மழைக்காலம் போயும் ஒரு செடிகூட முளைக்கவில்லை. அரண்மனைத் தோட்டக்காரர்கள் விதைத்துத் தண்ணீர் ஊற்றியும் பலனில்லை. அந்த நேரத்தில், செடியைப் பார்க்கக் கலெக்டர் வருவதாகக் கடிதம் வந்தது.

ஜமீன்தார் ஆடு மேய்க்கும் ஒச்சம்மாவை அழைத்தார்.

"ஒன் ஆடுதானே வேரோட தின்னுச்சு? ஒரு மாசத்துல செடி முளைக்கணும். இல்லேன்னா நாப்பது ஆடும் என் பட்டிக்கு வந்துரும்."

"ஒரு படி வெத குடுங்க எசமான். பத்துத் தொட்டியும் வேணும்" என்றாள் ஒச்சம்மா.

கலெக்டர் வந்த அன்று பத்துத் தொட்டியிலும் கொடி படர்ந்திருந்தது.

"கல் மாதிரி விதையாயிற்றே! எப்படி முளைக்க வைத்தீர்கள்?"

"எல்லாம் நம்ம கைப்பக்குவம்" என்று ஜமீன்தார் மீசையைத் தடவினார்.

"எங்கே, எனக்கும் செய்து காட்டுங்கள்" என்று கலெக்டர் நாலு விதையை நீட்டினார்.

ஜமீன்தார் தொட்டிகளுக்குப் பக்கத்தில் நின்ற ஒச்சம்மாவைப் பார்த்தார்.

"மொதல்ல வெதைய முழுங்கணும் எசமான்" என்றாள் அவள். "வயித்துல ஊறி, மறுநாள் புழுக்கையோட வெளிய வந்தாத்தான் முளைக்கும். எங்க ஆடுங்க அப்படித்தான் செஞ்சுச்சு. நீங்க முழுங்குங்க, நான் தொட்டிய எடுத்தாறேன்."

கலெக்டர் சிரித்து முடித்ததும் வேலியைத் திறக்கச் சொன்னார். ஜமீன்தாரே வேலிப் படலைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். நாற்பது ஆடும் அவசரப்படாமல் உள்ளே போயின.