காலித் தூளியின் கீழே

ஆடுகள் நடந்த தடமே பாதையாகவும், அவை தண்ணீர் குடித்த இடமே ஊராகவும் இருந்த காலத்தில் ஓர் இடையன் இருந்தான். கேளுங்கள். பெரியவர்களும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கேளுங்கள், இது சின்னவர்களுக்கு மட்டுமான கதை இல்லை.

அந்த இடையன் பெயர் சேவுகன். அவன் மனைவி பெயர் இருளாயி. அவர்களுக்கு எண்பது ஆடுகள், ஐந்து மாதத்தில் ஒரு பெண் குழந்தை, தும்பை என்று ஒரு நாய்.

வீடு என்று ஒன்று அவர்களுக்குக் கிடையாது. கோடையில், அறுவடை முடிந்த வயல்களில், இரவெல்லாம் ஆடுகளைப் பட்டி போட்டு அடைத்து வைப்பார்கள். புழுக்கை வயலுக்கு உரமாகும். அதற்குக் கிடை போடுவது என்று பெயர். மூன்று நாள் ஒரு வயலில், மூன்று நாள் அடுத்த வயலில், மூன்று நாள் அதற்கும் அடுத்த வயலில். கிடை எங்கேயோ, அங்கேதான் அவர்கள் அடுப்பும் பாயும் குழந்தையும்.

தும்பை கறுப்பு நாய். நெற்றியில் மட்டும் தும்பைப் பூ அளவுக்கு ஒரு வெள்ளை. அதற்கு மூன்று வேலைகள் இருந்தன. ஆடுகள் நடந்தால் பின்னால் நடக்க வேண்டும். ஆடுகள் படுத்தால் சுற்றி வர வேண்டும். மரத்தில் தூளி கட்டினால் அதன் கீழே படுத்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது வேலையை இருளாயிதான் பழக்கினாள். வெட்டவெளியில் பாம்பு உண்டு, தேள் உண்டு, நரியும் உண்டு. அடுப்புக்குச் சுள்ளி பொறுக்கப் போகிற தாய் எத்தனை தடவைதான் திரும்பித் திரும்பிப் பார்க்க முடியும்? பழைய சேலையைக் கிளையில் தொங்கவிட்டு, குழந்தையை அதில் போட்டுவிட்டு, "இரு" என்பாள். அந்த ஒரு சொல் போதும். தும்பை தூளிக்கு நேர் கீழே படுத்துவிடும். சேவுகன் கூப்பிட்டாலும் எழாது. சோற்றை வைத்துக் கூப்பிட்டாலும் எழாது. நடுவில் இருளாயி பால் கொடுக்கக் குழந்தையைத் தூக்கிப் போனாலும் எழாது. திரும்பக் கொண்டுவந்து போடுவாள் என்று அதற்குத் தெரியும். முடிச்சை அவிழ்த்துத் தூளியைக் கீழே இறக்கினால்தான் எழுந்து, உடம்பை ஒரு உதறு உதறிக்கொண்டு போகும்.

"எம்பேச்சுக்கு எண்பது ஆடும் அசையுது. இந்த நாய் மட்டும் ஒரு துணிக்குத்தான் அடங்குது," என்று சேவுகன் கேலி செய்வான்.

இப்படி இருக்கையில், ஒரு வாகை மரத்தடி வயலில் கிடை போட்டிருந்தபோது குழந்தைக்குக் காய்ச்சல் வந்தது. இரவு முழுக்க அழுதது. தூளியில் போட்டால் அழுதது, எடுத்தால் அடங்கியது, மறுபடி போட்டால் மறுபடி அழுதது. கடைசியில் இருளாயி குழந்தையைத் தோளிலேயே போட்டுக்கொண்டு நடந்தாள்.

விடிவதற்கு முன்பே சேவுகன் கிளம்பச் சொன்னான். அந்தப் பக்கத்துக் கண்மாய் வற்றிவிட்டது. அடுத்த வயல் அரைப் பகல் தூரம். வெயில் ஏறினால் ஆடுகள் படுத்துவிடும். அவன் முன்னால் ஓட்டினான். இருளாயி குழந்தையைத் தோளில் சாய்த்து, பானைகளைத் தலையில் வைத்து, பின்னால் நடந்தாள். இருட்டும் புழுதியும். முன்னால் போகிறவன் நாய் பின்னால் வருகிறது என்று நினைத்தான். பின்னால் போகிறவள் நாய் முன்னால் போகிறது என்று நினைத்தாள்.

பாதி வழியில் சூரியன் வந்தது. அப்போதுதான் இருளாயிக்கு நினைவு வந்தது. தூளியை அவிழ்க்கவில்லை.

அவள் வழியிலேயே நின்றுவிட்டாள். ஏன் என்று சொல்கிறேன். அந்த இடையர்களிடம் ஒரு நம்பிக்கை இருந்தது. கட்டிய தூளியைக் காலியாக மரத்தில் விட்டுவிட்டு வந்தால், காற்று வந்து அதை ஆட்டுமாம். ஆட்டிப் பார்த்து, உள்ளே பிள்ளை இல்லை என்று தெரிந்ததும், பிள்ளையைத் தேடிக்கொண்டு வருமாம். தோளில் குழந்தை அனலாகச் சுட்டது. எந்தத் தாய்தான் அந்த நேரத்தில் வாயைத் திறப்பாள்? சொன்னால் அது நடந்துவிடும் என்று நினைத்தாள். சொல்லாமல் இருந்தால் நடக்காமல் போய்விடும் என்றும் நினைத்தாள்.

புது இடத்துக்கு வந்ததும் வேறொரு சேலையை மரத்தில் கட்டினாள். பழைய தூளி எங்கே என்று சேவுகன் சும்மாதான் கேட்டான். கிழிந்துபோயிற்று, எறிந்துவிட்டேன் என்றாள்.

அன்று பொழுது சாய்ந்தது. ஆடுகள் பட்டிக்குள் அடைந்தன. சுற்றி வருவதற்குத் தும்பை இல்லை.

சேவுகன் கூப்பிட்டான். சீழ்க்கை அடித்தான். கம்பால் தரையைத் தட்டினான். பிறகு மனைவியிடம் வந்து கேட்டான்.

"கடைசியா அதை எங்க பார்த்தே, புள்ளே?"

அவள் கண் முன்னால் வாகை மரம் வந்தது. மரத்தைச் சொன்னால் தூளியையும் சொல்ல வேண்டி வருமே. அதனால் அவள், வரும் வழியில் மேற்கே தள்ளித் தெரிந்த இன்னொரு கண்மாய்க் கரையில் பார்த்த மாதிரி இருக்கிறது என்றாள்.

மறுநாள் சேவுகன் மேற்கே, அந்தக் கண்மாய்க் கரைக்கு நடந்தான். கரை நெடுக நடந்தான். காய்ந்த சேற்றில் கொக்கின் கால் தடம் இருந்தது, நரியின் தடம் இருந்தது, தும்பையின் தடம் இல்லை. பொழுது சாய வந்து, தும்பையின் ஓட்டுச்சட்டியில் இருந்த பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றி வைத்தான். மறுபடியும் கேட்டான்.

"நல்லா நினைச்சுப் பாரு. கடைசியா எங்க பார்த்தே?"

வேட்டைக்காரர்கள் கூடாரம் போட்டிருந்தார்களே, அந்தப் பக்கம் ஓடியதோ என்னவோ என்றாள்.

இரண்டாம் நாள் சேவுகன் வடக்கே போனான். வேட்டைக்காரர்கள் முயலுக்குக் கண்ணி முடைந்துகொண்டிருந்தார்கள். அவன் நெற்றி வெள்ளையைச் சொன்னான், வால் வளைவைச் சொன்னான், கூப்பிடும் பெயரைச் சொன்னான். அவர்களில் மூத்தவன் சிரித்தான்.

"ஆட்டுக்குப் பின்னாடி நடந்து நடந்து முயல் வாசமே மறந்துபோன நாய் எங்களுக்கு எதுக்குப்பா? நீயே வச்சுக்க."

"வச்சுக்கத்தான் தேடுறேன்," என்றான் சேவுகன். சிரித்தவன் சிரிப்பை நிறுத்திவிட்டு, அவனுக்கு ஒரு வாய் கூழ் கொடுத்து அனுப்பினான்.

அன்றும் சட்டியில் தண்ணீர் மாற்றினான். அன்றும் கேட்டான். உப்பு வண்டிகள் போயினவே, அவற்றின் பின்னால் போயிருக்கலாம் என்றாள் இருளாயி. இந்தத் தடவை அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

இதற்குள் குழந்தையின் காய்ச்சல் இறங்கிவிட்டது. கால்களை உதைத்துச் சிரித்தது. ஆனால் பயம் இறங்கவில்லை. பாருங்கள், பயம் அப்படித்தான். எதற்காக வந்ததோ அது போன பிறகும் அது போகாது.

மூன்றாம் நாள் சேவுகன் கிழக்கே, உப்பு வண்டிகளின் தடத்தைப் பிடித்துக்கொண்டு ஓடினான். உச்சி வெயிலில் அவற்றை எட்டிப் பிடித்தான். கடைசி வண்டியின் கீழே, நிழலில், ஒரு கறுப்பு நாய் நடந்துகொண்டிருந்தது.

"தும்பை," என்றான்.

அது திரும்பி வாலை ஆட்டியது. நெற்றியில் வெள்ளை இல்லை. யார் அன்பாகக் கூப்பிட்டாலும் வாலை ஆட்டுகிற ஏதோ ஒரு நாய். அவன் அதன் தலையைத் தடவிக் கொடுத்துவிட்டுத் திரும்பினான்.

வரும் வழியில் உடைமர முள் ஒன்று அவன் குதிகாலில் ஏறி உள்ளேயே முறிந்துவிட்டது. பொழுது சாயும் நேரத்தில் ஒற்றைக் காலில் நொண்டி நொண்டி வந்து சேர்ந்தான். உட்காரவில்லை. நேராகச் சட்டியிடம் போய், பழைய தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீர் ஊற்றினான். ஊற்றிவிட்டு அங்கேயே குந்தியிருந்தான். இந்தத் தடவை அவன் எதுவும் கேட்கவில்லை.

கேட்டிருந்தால் அவள் நாலாவது பொய்யும் சொல்லியிருப்பாள். அவன் கேட்காததுதான் அவளால் தாங்க முடியவில்லை.

"மச்சான்," என்றாள். "தூளி கிழியலை. வாகை மரத்துலயே விட்டுட்டு வந்துட்டேன். அவிழ்க்கலை."

சேவுகன் நிமிர்ந்து பார்த்தான்.

"பிள்ளைக்கு ஆகாதுன்னு சொல்வாங்களே. அதான் பயந்துட்டேன்."

"தூளி வெறுந்துணி, புள்ளே," என்றான் அவன். "அதுக்குக் கீழதானே உயிர் கிடக்கு."

திட்டியிருந்தால் அவளுக்குச் சுமை குறைந்திருக்கும். அவன் எழப் பார்த்தான். குதிகால் ஊன்றவில்லை. அவள் அவன் தோளைப் பிடித்து உட்கார வைத்தாள். கட்டியது நான், நானே போய் அவிழ்க்கிறேன் என்றாள்.

கிழக்கு வெளுத்ததும் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, தண்ணீர் நிறைத்த சுரைக்குடுவையைத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு இருளாயி தனியாகக் கிளம்பினாள். எந்த மரத்தை நினைத்து மூன்று நாள் நடுங்கினாளோ, அதே மரத்தை நோக்கிக் குழந்தையோடு நடந்தாள். ஒவ்வொரு அடியிலும் பயந்தாள். பயந்துகொண்டேதான் நடந்தாள்.

வெயில் சாயத் தொடங்கியபோது வாகை மரம் தெரிந்தது. தூளி தெரிந்தது. அது காற்றில் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. அதன் கீழே தும்பை.

நாலு நாள். அருகில் தண்ணீர் இல்லை. வயலில் ஒரு பச்சை இல்லை. மரத்தைச் சுற்றி மண் கிளறிக் கிடந்தது. நரிகள் வந்து போன தடம் இருந்தது. தும்பையின் ஒரு காது கிழிந்து, இரத்தம் காய்ந்து, ஈ மொய்த்தது. கழுத்தும் கடிபட்டிருந்தது. காலித் தூளியைத்தான் அது நரிகளிடமிருந்து காத்திருந்தது.

அவளைப் பார்த்ததும் வால் தரையில் ஒரே ஒரு தடவை தட்டியது. எழவில்லை.

இருளாயி பக்கத்தில் உட்கார்ந்து உள்ளங்கையில் தண்ணீர் ஊற்றிக் காட்டினாள். இரண்டு தடவை நக்கியது. மூன்றாவது தடவை நக்க முடியவில்லை. அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். கெஞ்சிக் கூப்பிட்டாள். அழுதுகொண்டே கூப்பிட்டாள். அது அவளைப் பார்த்தது, மேலே தூளியைப் பார்த்தது, மறுபடி அவளைப் பார்த்தது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. "இரு" என்று தான் சொன்ன சொல்லை இன்னும் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

எழுந்து கிளையை எட்டினாள். நாலு நாள் காற்று ஆட்டி ஆட்டி முடிச்சு இறுகிப் போயிருந்தது. நகத்தால் முடியவில்லை. கிளையை வளைத்து, பல்லால் கடித்து இழுத்தாள். முடிச்சு நெகிழ்ந்தது. துணி கீழே விழுந்தது.

தும்பை எழுந்தது.

கால்கள் நடுங்க எழுந்து நின்றது. வழக்கம்போல உடம்பை உதறப் பார்த்தது, முடியவில்லை. மூன்றடி நடந்து வந்தது. இருளாயியின் இடுப்பிலிருந்து தொங்கிய குழந்தையின் பாதத்தை முகர்ந்தது. பிள்ளை திரும்ப வந்துவிட்டது. அது போதும் அதற்கு. அப்படியே அவள் கால் மாட்டில் படுத்துக்கொண்டது. இந்தத் தடவை காவலுக்காகப் படுக்கவில்லை.

பிறகு அது எழவே இல்லை.

இருளாயி அந்தத் தூளித் துணியிலேயே தும்பையைச் சுற்றினாள். வாகை மரத்தடியில், கையாலும் சுள்ளியாலும் பள்ளம் பறித்துப் புதைத்தாள். பக்கத்தில் கிடத்தியிருந்த குழந்தை மண்ணை அள்ளிச் சிரித்தது. அதற்கு என்ன தெரியும்?

எந்தக் காற்றும் எந்தப் பிள்ளையையும் தேடி வரவில்லை. குழந்தை தவழ்ந்தது, நடந்தது, ஆடு மேய்க்கப் போனது, கல்யாணமும் ஆகிப் போனது. ஆனால் இருளாயிக்கு அன்றிலிருந்து ஒரு பழக்கம் வந்தது. கிடை கிளம்பும் ஒவ்வொரு விடியலிலும் அவள் மரத்தடிக்குத் திரும்பிப் போவாள். கிளையை அண்ணாந்து பார்ப்பாள். கட்டுவதற்குத் தூளியே இல்லாமல் போன காலத்திலும், "அவிழ்த்தாச்சு மச்சான்," என்று உரக்கச் சொல்வாள். சேவுகன் அதைக் கேட்ட பிறகுதான் ஆடுகளை ஓட்டுவான்.

வேறொரு நாய் வளர்த்தார்கள். நல்ல நாய்தான். அதைத் தூளிக்குக் கீழே படுக்க அவள் பழக்கவில்லை.

கதை இவ்வளவுதான். இதிலிருந்து தெரிய வேண்டியது இது: காணாமல் போன ஓர் உயிரைத் தேடக் கிளம்பும் முன், அதைக் கடைசியாக எங்கே விட்டோம் என்ற உண்மையைப் பயந்தாலும் உடனே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் நாம் அதை மறைக்கிற ஒவ்வொரு நாளும் அந்த உயிர் அங்கேயே நமக்காகக் காத்துக் கிடக்கிறது.