குருவம்மாளின் மொட்டை

செங்குட்டுவன் ஒரு பகுத்தறிவுக் கட்சியின் கிளைச் செயலாளர். உள்ளாட்சித் தேர்தலில் நின்று தோற்றவன். தோற்ற மறுவாரம் தன் ஆசான் மெய்யழகனிடம் கோபமாக வந்தான். கட்சி வகுப்பெடுத்தே குரல் கம்மிப்போனவர் அவர்.

"ஐயா, நம்ம குருவம்மா இருக்கன்குடிக் கோயிலுக்குப் போய் மொட்டை போட்டுட்டு வந்திருக்காங்க. கடவுள் இல்லைன்னு சொல்ற கட்சியில இதுக்கு இடம் உண்டா? நீக்கிடலாமா?"

"நீக்கலாமே. விதி அப்படித்தானே இருக்கு."

இவ்வளவு சுலபமாகச் சம்மதிப்பார் என்று செங்குட்டுவன் எதிர்பார்க்கவில்லை.

"ஆனா நேர்ல போய் விளக்கம் கேக்காம யாரையும் நீக்கறதில்ல. அதுவும் விதிதான். வா, நானும் வர்றேன்."

குருவம்மாள் வாசலில் பணியாரம் சுட்டுக்கொண்டிருந்தாள். தலை நிறையச் சந்தனம். வீட்டுச் சுவரில் கட்சிச் சின்னம் பளிச்சென்று இருந்தது. மற்ற கட்சிக்காரர்கள் எவ்வளவு கெஞ்சியும் அந்தச் சுவரை அவள் விட்டுக்கொடுத்ததில்லை.

"வாங்கய்யா" என்று முந்தானையை இழுத்து மொட்டையை மூடிக்கொண்டாள். ஆளுக்கொரு தட்டில் பணியாரம் வைத்தாள்.

செங்குட்டுவன் தட்டைத் தொடவில்லை. "அக்கா, நீங்க கட்சி உறுப்பினர். சாமிக்கு முடி குடுத்தது தப்பில்லையா?"

"தப்புதான் தம்பி."

"நாளைக்குச் சாமி சொல்லுதுன்னு ஓட்டையும் மாத்திப் போடுவீங்களா?"

அவளுக்குச் சுருக்கென்றது. "ஓட்டுக்கு நான் எந்தச் சாமியையும் கேட்டதில்ல. அது எப்பவும் நமக்குத்தான்."

"அப்ப எதுக்கு நேர்ந்துக்கிட்டீங்க? நான் ஜெயிக்கவா? அதான் தோத்துட்டேனே!"

"செயிக்கறதுக்கு நேரல தம்பி. ஓட்டுக் கேக்கப் போன எடத்துல ஒங்க மண்டைய ஒடச்சுட்டாங்க. ஆசுபத்திரியில கண்ணு முழிக்காமக் கெடந்தீக. அன்னிக்கு வேற யாரைக் கேக்கறதுன்னு எனக்குத் தெரியல."

செங்குட்டுவனின் கை நெற்றித் தழும்புக்குப் போனது. ஆசான் பணியாரத்தைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டார். நன்றாக இருக்கிறது என்று தலையாட்டினார்.

"நீக்குறதுன்னா நீக்கிருங்க" என்றாள் குருவம்மாள். "சின்னத்த மட்டும் அழிச்சிராதீக."

இருவரும் தெருமுனை வரை நடந்தார்கள். பிறகு செங்குட்டுவன் மெல்லக் கேட்டான்.

"தீர்மானத்துல காரணம்னு என்ன எழுதறது, ஐயா?"

"நடந்ததை எழுது. செயலாளர் பிழைச்சு வரணும்னு தலைமுடியைக் குடுத்தாங்க, அதனால நீக்குறோம்னு எழுது. கீழே உன் கையெழுத்தைப் போடு."